எழுத்தில் கேளுங்கள்

என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பகுதியின் அரசுப் பள்ளியில், குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் அவனுக்குப் பேச்சு வந்துவிடும் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு மொழிகள் அவனைக் குழப்புகின்றன, ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம், அதற்குள் தானாகவே சரியாகிவிடும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிரவே ஊரில் இருந்த என் அம்மாவை அழைத்து, அவனோடு இனித் தமிழில் பேச வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதன் பிறகு ஏறக்குறைய ஓராண்டு, வீடியோ அழைப்பில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும் கையசைப்பதும் மட்டுமே பாட்டிக்கும் பேரனுக்கும் மிஞ்சின. பேச்சு வரவில்லை. இருந்த சில தமிழ்ச் சொற்களும் போயின.

அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இங்கே குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ கேட்கும் திறன் குறைவோ உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர், பள்ளி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சட்டம் தங்கள் கையில் கொடுத்திருக்கும் உரிமைகளைத் தொடாமலே ஆண்டுகளை இழப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நானும் அப்படி இழந்தவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆறு ஆண்டுகளாக என் மகனுக்காகவும், பிறகு கேட்டுக்கொண்ட குடும்பங்களுக்குத் துணையாகவும் இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கற்றதைத்தான் சொல்கிறேன்.

என் கண்ணைத் திறந்தவர், ஒரு சிகிச்சையகத்தின் காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாய். மகனுக்குக் குறைபாடு உண்டா, என்ன உதவி தேவை என்று சோதித்துச் சொல்லும் மதிப்பீட்டைப் பள்ளியிடம் கேட்டீர்களா என்றார். கேட்டேன், இப்போது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி இதுதான்: "எழுத்தில் கேட்டீர்களா? அவர்கள் எழுத்தில் மறுத்தார்களா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் சொன்னது முழு உண்மை என்று புரிய ஒரு வாரம் ஆனது.

அன்று நான் எழுதிய கடிதம் ஏழு வரிதான். தேதி, மகனின் பெயர், வகுப்பு. அவனால் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை என்ற விவரம். அவனுக்குக் குறைபாடு இருக்கலாம் என்று கருதுவதால் குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்வி உரிமைக்கான மத்தியச் சட்டமான ஐடியாவின்படி எல்லாத் துறைகளிலும் முழு மதிப்பீடு செய்யும்படி கோருகிறேன் என்ற ஒரு வரி. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள் என்ற கடைசி வரி. பள்ளி முதல்வருக்கும், எங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வித் துறைக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஓராண்டாக 'பார்க்கலாம்' என்று இருந்தது, ஒன்பது நாளில் ஒப்புதல் படிவமாக வந்து சேர்ந்தது. அதே பள்ளி, அதே மனிதர்கள்தான். வாய்ப்பேச்சுக்குப் பதில் சொல்லும்படி எந்தச் சட்டமும் அவர்களை நெருக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறைபாடு இருக்கக்கூடிய பிள்ளைகளைத் தேடிக் கண்டறிந்து மதிப்பிடுவது பள்ளி மாவட்டத்தின் கடமை. பெற்றோர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வகுப்பில் தேர்ச்சி பெற்று மேலே போய்க்கொண்டிருக்கிறான் என்பதும் மதிப்பீட்டை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. பெற்றோர் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். மாநிலம் தனக்கென்று வேறு காலவரை வைத்திருந்தால் அதன்படி. முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், பலன் இல்லையென்றால் பிறகு மதிப்பிடுவோம் என்று சொல்லி இழுத்தடிப்பதும் கூடாது. இதை மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்விப் பிரிவு 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய குறிப்பாணையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது மொழி பற்றிய விதி. பிள்ளை எந்த மொழியில், எந்த வழியில் தன் திறனைச் சரியாகக் காட்டுவானோ, அந்த மொழியில் அந்த வழியில் மதிப்பிட வேண்டும். அது நடைமுறையில் சாத்தியமே இல்லை என்றால்தான் விலக்கு. மகனை மதிப்பிட்ட பேச்சுப் பயிற்சியாளர் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். படப் புத்தகத்தில் குடையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டபோது அவன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளர் அதே படத்தைக் காட்டி "இது என்ன கண்ணா?" என்றார். வெகுநேரம் கழித்து அவன் "மழை" என்றான். பாட்டி சொன்ன கதையில் குடை வரும் இடத்தில் மழையும் வரும். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அந்த ஒரு சொல்லும் அதன் விளக்கமும் பதிவாகியிருக்கின்றன. அவனுடைய தாமதம் இரண்டு மொழிகளிலும் இருக்கிறது, எனவே மொழி மாற்றத்தால் வந்ததல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. வீட்டில் இரு மொழி புழங்குவது ஆட்டிசத்தையோ பேச்சுத் தாமதத்தையோ உண்டாக்குவதில்லை. இதை ஒரு பள்ளி ஆசிரியர் அறியாமல் இருக்கலாம்; ஆனால் அந்த அறியாமையின் விலையை ஒரு பாட்டியும் பேரனும் கொடுக்க நேர்ந்தது.

இந்த உரிமைகள் யாரோ கருணையால் கொடுத்தவை அல்ல என்பதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கம்வரை, பென்சில்வேனியாவில் ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைப் பள்ளி சேர்க்காமலே விடலாம் என்று சட்டமே அனுமதித்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து அமைத்த சங்கத்தினர். 1971இல் அந்த வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் நகரின் மில்ஸ் வழக்கில், பணம் போதவில்லை என்பது சாக்காகாது, இருக்கும் பணத்தை எந்தப் பிள்ளையும் முற்றிலும் விடுபடாதபடி பகிர்ந்து செலவழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த ஜூடித் ஹ்யூமனை, தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று காரணம் சொல்லி நியூயார்க்கில் ஒரு பள்ளி சேர்க்க மறுத்தது. அவருக்காக முதலில் போராடியவர் அவருடைய தாய். அந்தப் பெண்ணே வளர்ந்து, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான, மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின் விதிகளில் அரசைக் கையெழுத்திட வைக்க 1977இல் சான் பிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகக் கட்டடத்தில் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தங்கிப் போராடியவர்களை முன்னின்று நடத்தினார்.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான் 1990இல் ஐடியா என்று பெயர் பெற்றது. அதை இயற்றியபோது நாடாளுமன்றமே பதிவு செய்த கணக்கு இது: குறைபாடுள்ள 80 லட்சம் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை, பத்து லட்சம் பேர் அரசுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள். கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை மத்திய அரசு தரும் என்று அதே சட்டத்தில் சொன்னார்கள். அந்த அளவை ஒரு முறைகூட எட்டவில்லை. கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் 'ஆள் இல்லை, நேரம் இல்லை' என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பற்றாக்குறையை என் மகனின் வாரத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வாதம்.

மதிப்பீட்டுக்குப் பிறகு வருவது ஐ.இ.பி. கூட்டம். ஐ.இ.பி. என்பது அந்த ஒரு பிள்ளைக்கென்று எழுதப்படும் கல்வித் திட்டம். என் முதல் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நான் மட்டும். கணவருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. இருபத்து மூன்று பக்க வரைவு ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அதில் 'பெற்றோரின் கவலைகள்' என்ற கட்டத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, 'தாய் பள்ளியின் முயற்சியில் திருப்தி கொண்டுள்ளார்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு பையிலிருந்த தாளை எடுத்து, இதை அந்தக் கட்டத்தில் அப்படியே சேர்த்துவிடுங்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கத்தான் செய்தது. சேர்த்தார்கள். சட்டப்படி அந்தக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர், விருந்தாளி அல்ல. அந்த அறையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள், நாமே தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

ஐ.இ.பி.யில் எல்லோரும் பயிற்சி நிமிடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதற்கு முன் இலக்குகளைப் பாருங்கள். 'தகவல் பரிமாற்றத் திறனை வளர்த்துக்கொள்வான்' என்று எழுதியிருந்தால் அது இலக்கே அல்ல, யாராலும் அளக்க முடியாது. 'படத்தைக் காட்டிக் கேட்கும்போது, ஐந்தில் நான்கு முறை, இரண்டு சொற்களைச் சேர்த்துத் தன் தேவையைச் சொல்வான். இப்போது ஐந்தில் ஒருமுறைகூடச் சொல்வதில்லை' என்று எழுதியிருந்தால் ஆண்டு முடிவில் யாரும் மழுப்ப முடியாது. அதன் பிறகு நிமிடங்கள். வாரத்துக்கு 30 நிமிடம் பேச்சுப் பயிற்சி என்றால், தனியாகவா, நான்கு பேர் கொண்ட குழுவிலா? பயிற்சியாளர் விடுப்பில் போனால் ஈடு செய்வார்களா? எந்த நாளிலிருந்து தொடங்கும்? கேட்டதற்குக் கிடைக்கும் பதில்கள் அந்தத் தாளிலேயே ஏற வேண்டும். 'கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்' என்பதை நம்பலாம்; ஆனால் அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார், தாள் மட்டும்தான் இருக்கும்.

எவ்வளவு முன்னேற்றம் போதும் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது. 1982இல் காது கேளாத ஏமி ரோலி என்ற சிறுமியின் வழக்கில், அவள் நன்றாகப் படித்து வகுப்பு ஏறிக்கொண்டிருக்கிறாள், ஆகவே சைகை மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வகுப்பில் பேசப்படுவதில் பெரும் பகுதி அவளைச் சென்று சேராமலே போயிற்று என்பதை நினைக்கும்போது அந்தத் தீர்ப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகு பல நீதிமன்றங்கள், ஒன்றுமில்லாததற்கு ஒருபடி மேலே இருந்தால் போதும் என்று அதற்குப் பொருள் கொண்டன. 2017இல் ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்ற சிறுவனின் வழக்கில் அந்த விளக்கத்தை எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் சூழ்நிலைக்கும் தகுந்த முன்னேற்றத்தை அடையும்படியாகத் திட்டம் அமைய வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் சென்ற ஆண்டின் இலக்குகளையே தேதி மாற்றி மறுபடி நீட்டும்போது, நான் இந்த வழக்கின் பெயரைச் சொல்வேன். அறையின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாம் கேட்ட ஒன்றை மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எதை ஆதாரமாகக் கொண்டு மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். இதற்கு முன்னறிவிப்புக் கடிதம் என்று பெயர். இந்த ஒரு கடிதத்தைக் கேட்கப் பழகினாலே பாதிப் பிரச்சினைகள் நீதிபதிவரை போகாது. பள்ளியின் மதிப்பீட்டை ஏற்க முடியவில்லை என்றால், வெளியிலிருந்து தனி மதிப்பீட்டை மாவட்டத்தின் செலவில் கேட்கலாம். அதை மாவட்டம் மறுத்தால், தன் மதிப்பீடு சரியானது என்று விசாரணையில் நிறுவ வேண்டிய பொறுப்பு அதன்மேல் வரும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கேட்கும்போது, அது வருகைக்கா ஒப்புதலுக்கா என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. சிறப்புக் கல்விச் சேவைகளை முதல்முறையாகத் தொடங்க உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் கட்டாயம்.

அதையும் தாண்டிப் போக வேண்டி வந்தால், மாநிலக் கல்வித் துறையிடம் புகார் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் நடந்ததைப் பற்றிக் கொடுக்க வேண்டும், 60 நாளில் முடிவு வர வேண்டும், செலவு கிடையாது. சமரசப் பேச்சு இன்னொரு வழி. இரு தரப்பும் சான்றுகளோடு வாதாடும், டியூ பிராசஸ் எனப்படும் விசாரணைதான் பெரியது, கடினமானது. வழக்கைத் தொடுத்தவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2005இலும், பெற்றோர் வென்றாலும் நிபுணர்களுக்குக் கொடுத்த கட்டணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று 2006இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றவர்களின் வழக்கறிஞர் கட்டணத்தைப் பள்ளி மாவட்டம் தரும்படி 1986இலிருந்து சட்டம் இருக்கிறது என்றாலும், வெல்லும்வரை தாங்குவதற்குப் பணம் வேண்டுமே. 2007இல் ஒஹையோவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், பெற்றோர் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே மத்திய நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று கதவு திறந்தது. கதவு திறந்திருப்பதும் அதில் நுழையும் வலு இருப்பதும் ஒன்றல்ல. வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் அதிகம் பயன்படுகிறது என்ற குறை நியாயமானது. அதனால்தான், ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி மையத்தையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை காக்கும் அமைப்பையும் முதலில் தேடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அங்கே வழிகாட்டுதல் இலவசம்.

நம்மிடையே ஒரு சொல்லும் குழப்பம் உண்டாக்குகிறது. நம் ஊரில் அட்வகேட் என்றால் வழக்கறிஞர். இங்கே சிறப்புக் கல்வியில் அட்வகேட் என்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்ல. விதிகளைத் தெரிந்துகொண்டு கூட்டத்தில் பெற்றோருக்குப் பக்கபலமாக உட்காருபவர். அட்வகேட்டை அழைத்துப் போங்கள் என்று சொன்னதும், கேஸ் போடுவதா என்று பதறிய குடும்பங்கள் எத்தனையோ. விசா பாதிக்கப்படுமோ, பிள்ளையின் பெயர் ஏதோ கோப்பில் ஏறிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். பிள்ளைக்காகச் சிறப்புக் கல்வி கேட்பது உங்கள் குடியேற்ற நிலையைப் பற்றிய விஷயமே அல்ல. இந்த நாட்டின் அரசுப் பள்ளியில் படிக்கும் உரிமை குடியேற்ற ஆவணங்களைச் சார்ந்ததல்ல என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது.

இவற்றையெல்லாம்விட ஆழமாக நம்மைப் பிடித்து நிறுத்துவது குருபக்தி. எழுத்தறிவித்தவன் இறைவன் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை எனக்கும் உண்டு, என் மகனுக்குக் கிடைத்த சில ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் எழுத்தில் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிகேல் பெரெஸ் வழக்கு போதும். ஒன்பது வயதில் மெக்சிகோவிலிருந்து வந்த, காது கேளாத பிள்ளை அவர். மிச்சிகனில் உள்ள பள்ளி அவருக்குச் சைகை மொழி தெரியாத உதவியாளரைக் கொடுத்துவிட்டு, நல்ல மதிப்பெண் போட்ட அட்டைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது என்பது அவர் தொடுத்த வழக்கு. பள்ளிப் பட்டமளிப்புக்குச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் அவருக்குப் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் கிடைக்காது என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அவர் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்டு வழக்கைத் தொடரலாம் என்றது. மதிப்பெண் அட்டையை நம்பிய அந்தப் பெற்றோரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நானும் தலையாட்டியவள்தான்.

போன மாதம் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் துணையாகப் போனேன். அதற்கு முந்தைய இரண்டு கூட்டங்களிலும், பத்து வயது மூத்த மகள்தான் தம்பியைப் பற்றிய பேச்சை அம்மாவுக்கு மொழிபெயர்த்திருக்கிறாள். தம்பியால் முடியாதவற்றின் பட்டியலை ஒரு சிறுமியின் வாயால் அம்மா கேட்டிருக்கிறார். பெற்றோருக்குக் கூட்டம் புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. இரண்டு வாரம் முன்னதாகவே மின்னஞ்சலில் கேளுங்கள் என்றேன். "வேணாம்க்கா, டீச்சர் தப்பா நெனச்சுக்குவாங்க" என்றார். பிறகு அவரே எழுதினார், நான் பிழை மட்டும் திருத்தினேன்.

கூட்டத்தன்று மேசை நடுவே ஒலிபெருக்கியில் தொலைபேசி இருந்தது, மறுமுனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மகள் தன் வகுப்பில் இருந்தாள். முதல் அரைமணி நேரம் அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. சேவைகளின் பக்கம் வந்ததும், விரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு தொலைபேசியை நோக்கி, "இந்த முப்பது நிமிஷம் எம்பையனுக்குத் தனியாவா, எல்லாரோடயும் சேத்தா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பு முடிந்ததும் எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவில்தான் என்றார்கள். ஏன் என்று கேட்டார். பதினைந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, வாரத்தில் ஒரு அமர்வு தனியாக, ஒன்று குழுவில் என்று தட்டச்சு செய்தார். அந்த அம்மா திரையை எட்டிப் பார்த்து, "தேதியும் போடச் சொல்லுங்க" என்றார்.